மரம் எரிகிறது என்றான் ஒரு மாணவன்



காலை வெயிலையும் மரங்களின் நிறத்தையும் பற்றி எழுத அமர்ந்தேன். ஆனால் இதை ஒரு சிறுவனுக்கு நான் இழைத்த அநீதியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், என்னைப் போல் அவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு படிப்பினை இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு காலை மக்தபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பது என் பணி. ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் ஆறரை மணிக்குப் பாடம் தொடங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்ல வேண்டும் என்பதால் எட்டு மணிக்குள் விட்டுவிடுவோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் முப்பது பேரிடமும் தனித்தனியாக ஸபக் கேட்டாக வேண்டும். ஐந்து நிமிடம் வீணானாலும் யாரோ ஒரு பிள்ளையின் பாடம் அன்று விடுபட்டுப் போகும். ஆகவே நேரத்தில் நான் கண்டிப்பானவன்.

சென்ற தை மாதக் கடைசியில் பத்து வயது மாணவன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வரத் தொடங்கினான். அவன் வீடு ஊரின் மேற்கே, கச்சிராயபாளையம் செல்லும் சாலைப் பக்கம் உள்ளது. நடந்துதான் வருவான். ஒருநாள் ஏழு மணிக்கு வந்து நின்றவனிடம் காரணம் கேட்டேன்.

"வர்ற வழியில மரம் ஒண்ணு எரியுது ஹஜ்ரத். பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்."

எனக்குத் திக்கென்றது. பனிக்காலம் முடிந்து சருகு சேரும் பருவம். யாரேனும் குப்பைக்கு வைத்த நெருப்பு மரத்தில் பற்றியிருக்குமோ என்று எண்ணினேன். பாடம் முடிந்ததும் வேறு வேலைகளையும் பார்த்துவிட்டு, ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு வண்டியில் அவன் சொன்ன இடத்திற்குச் சென்றேன். சாலையோரத்தில் ஒரு நாட்டு வாதாமரம் நின்றது. பிள்ளைகள் அதைப் பாதாம் மரம் என்பார்கள். புழுதி படிந்த பழுப்பு இலைகளோடு அமைதியாக நின்றது. புகையில்லை, கரியில்லை. எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரரிடம் கேட்டேன். "இங்க ஒண்ணும் எரியலையே பாய்" என்றார்.

மறுநாள் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிற்க வைத்தேன். பொய் சொல்வது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை எடுத்துச் சொன்னேன். அவன் தலை குனிந்தபடி, "சத்தியமா எரிஞ்சுது ஹஜ்ரத்" என்றான். "பொய்யோடு பொய்ச் சத்தியம் வேறா?" என்று இன்னும் சினந்தேன். பாடம் முடியும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். சக பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். அதையும் நான் தடுக்கவில்லை.

அதன் பிறகு அவன் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. கண்டிப்பு பலன் தந்துவிட்டது என்று மனத்துக்குள் மகிழ்ந்துகொண்டேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். கச்சிராயபாளையத்தில் ஒரு நண்பரின் இல்லத்தில் வலீமா விருந்து. இரவு நேரமாகிவிட்டதால் அங்கேயே தங்கினேன். ஃபஜ்ரை ஜமாஅத்துடன் தொழுத பின்பு நண்பர், "வாங்க ஹஜ்ரத், கோமுகி அணை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று அழைத்தார். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு சென்றேன்.

அணைக்கரையில் கிழக்கே முதுகு காட்டி நின்றால் எதிரில் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி அது. சேர்வராயன், சவ்வாது, பச்சைமலை ஆகியவற்றின் வரிசையில் வைத்துச் சொல்லப்படுவது. வெள்ளிமலைக்குப் பலமுறை போய் வந்திருக்கிறேன். ஆனால் எல்லாப் பயணமும் பகலில், வேலை நிமித்தம். ஃபஜ்ருக்கும் சூரிய உதயத்துக்கும் இடைப்பட்ட வேளையில் அம்மலையை எதிரே நின்று பார்த்தது அன்றுதான் முதல்முறை.

முதலில் மலை முழுவதும் ஒரே சாம்பல் நீலமாக இருந்தது. மரம் வேறு, பாறை வேறு என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு மலையுச்சியில் மட்டும் ஒரு மெல்லிய செம்மை தோன்றியது. நாங்கள் நின்ற சமவெளியில் இன்னும் வெயில் படவில்லை. உயரத்தில் இருப்பதால் மலைமுகடுதான் முதலில் சூரியனைக் காண்கிறது. அந்தச் செம்மை மெல்ல மெல்லச் சரிவில் இறங்கி வந்தது. அது தொட்ட இடமெல்லாம் மரங்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இலை உதிர்க்கும் தறுவாயிலிருந்த ஒதியமரங்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன. காய்ந்துகொண்டிருந்த தேக்கின் பெரிய இலைகள் செம்பு நிறமாயின. அடிவாரத்துப் புதர்களுக்கு நடுவே ஏதோ ஒரு மரம், பெயர் தெரியவில்லை, கொழுந்துவிட்டு எரிவதுபோல் சிவந்து நின்றது.

"நல்லாப் பார்த்துக்குங்க ஹஜ்ரத். இன்னும் ஒரு மணி நேரம் போனா எல்லாம் வெறும் காஞ்ச காடுதான்" என்றார் நண்பர்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. எரிகிற மரம் ஒன்று என் எதிரில் நின்றது. ஒன்பதரை மணிக்கு யாரேனும் வந்து பார்த்தால் இங்கும் எதுவும் எரியவில்லை என்றுதான் சொல்வார்கள். அந்தச் சிறுவன் பொய் சொல்லவில்லை. ஆறே முக்காலுக்கு அவன் கண்டதை ஒன்பதரை மணிக்குப் போய்ச் சரிபார்த்த நான்தான் தவறிழைத்தேன்.

சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை எத்தனை மேடைகளில் விளக்கியிருப்பேன்! ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது என்பது அதன் கருத்து. விசாரித்துவிட்டதாகவே நானும் நினைத்தேன். வண்டி எடுத்துப் போனேன், மரத்தைப் பார்த்தேன், கடைக்காரரைக் கேட்டேன். ஆனால் அவன் நின்ற நேரத்தில் நிற்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றேன். அவன் பள்ளிக்கூடம் போயிருந்தான். திரைக்குப் பின்னிருந்து அவனுடைய தாயார் பேசினார். "இப்பல்லாம் நேரத்துக்கு வர்றானா ஹஜ்ரத்? மெயின் ரோட்டுல போறதையே விட்டுட்டான். சந்து வழியா சுத்திக்கிட்டுப் போறான். அந்த மரத்தைப் பார்த்தா நின்னுடுவேன், ஹஜ்ரத் கோவிச்சுக்குவாங்கன்னு சொல்றான்."

என் கண்டிப்பு தந்த பலன் இதுதான். அல்லாஹ்வின் படைப்பு ஒன்றை வியந்து நின்ற ஒரு குழந்தையை, அதைக் காணாமல் சுற்றிப் போகச் செய்திருக்கிறேன்.

எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்திய ஒருவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது நிறைவாகாது. மறுநாள் மக்தபில் முப்பது பிள்ளைகளுக்கு முன்பாக அவனை அழைத்து, "தம்பி, நீ சொன்னது உண்மை. நான்தான் சரியாப் பார்க்கலை. உன்னைப் பொய்யன்னு சொன்னது என் தப்பு. என்னை மன்னிச்சிடு" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "பரவாயில்ல ஹஜ்ரத்" என்றான். சற்று நேரம் கழித்து, "நாளைக்கு வந்து பாக்குறீங்களா? பாதி இலை கொட்டியிருக்கும்" என்றான்.

மறுநாள் பாடத்தை அரை மணி நேரம் தள்ளிவைத்தேன். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, பெரிய பிள்ளைகள் சிலரோடு அந்த மரத்தடிக்குச் சென்றேன். அவன் சொன்னது போலவே பாதி இலைகள் உதிர்ந்திருந்தன. நான் ஊர்ப்பக்கமிருந்து வந்ததால் மரத்தின் கிழக்கே நின்றேன். "அங்க நின்னா தெரியாது ஹஜ்ரத், இந்தப் பக்கம் வாங்க" என்று கையைப் பிடித்து மேற்கே அழைத்துச் சென்றான். சூரியன் மரத்தின் பின்னால் வந்தது. எஞ்சியிருந்த ஒவ்வோர் இலையும் உள்ளே விளக்கேற்றியது போல் சிவந்தது. நரம்புகள்கூட எண்ணும்படி தெரிந்தன. நேரம் மட்டுமன்று, முதல்முறை நான் நின்ற இடமும் தவறு என்பது அப்போது புரிந்தது.

பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். நான் அறிந்ததையும் நூல்களில் தேடி எடுத்ததையும் சேர்த்து அவர்களுக்குச் சொன்னதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

நம் பாடநூல்களில் இலையுதிர் காலம் என்று படிக்கிறோம். கைப்பேசியில் காஷ்மீரத்துச் சினார் மரங்கள் அக்டோபர், நவம்பரில் சிவந்து நிற்கும் படங்கள் வருகின்றன. அது ஏதோ நமக்கு வாய்க்காத அழகு என்று எண்ணிவிடுகிறோம். அங்கே குளிருக்கு அஞ்சி மரம் இலையை உதிர்க்கிறது. இங்கே வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண்ணின் ஈரம் குறையும்போது, இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்கவே நம் மலைக்காட்டு மரங்கள் பலவும் தை முதல் பங்குனி வரை இலைகளைக் களைகின்றன. முன்பனி, பின்பனி என்று நம் முன்னோர் பிரித்த பருவங்களில்தான் நமது இலையுதிர் காலம் அடங்கியிருக்கிறது.

உதிர்ப்பதற்கு முன் மரம் இலையிலுள்ள சத்துகளைத் தனக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அப்போது பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையத்தால் மறைந்திருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள் நிறப் பொருள் வெளியே தெரிகிறது. வாதாமரம் போன்ற சில மரங்களில் ஆந்தோசயனின் என்னும் சிவப்பு நிறப் பொருளும் உண்டாகிறது. மஞ்சளும் சிவப்பும் இலைக்குள் நாள் முழுவதும் இருக்கவே செய்கின்றன. அவற்றை எடுத்துக்காட்டும் ஒளிதான் மாறுகிறது.

நண்பகலில் சூரிய ஒளி தலைக்கு மேலிருந்து குறுகிய வழியில் காற்று மண்டலத்தைக் கடந்து வருகிறது. அடிவானத்தில் இருக்கும்போதோ ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்தாக வேண்டும். அந்த நெடுவழியில் ஒளியிலுள்ள நீலம் பெரும்பாலும் சிதறிப் போகிறது. மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் நம்மை வந்தடைகின்றன. செந்நிற ஒளி செந்நிற இலை மீது விழும்போது அந்தச் சிவப்பு பன்மடங்கு எடுப்பாகத் தெரிகிறது. அதே ஒளியில் பசிய இலை சற்று மங்கி நிற்பதால் வேறுபாடு இன்னும் கூடுகிறது. ஒளி பக்கவாட்டில் வருவதால் ஒவ்வொரு கிளைக்கும் நிழல் உண்டாகி மரம் தனித்துத் தெரிகிறது. சூரியனை எதிர்நோக்கி நின்று பார்த்தால் மெல்லிய இலை ஒளியை ஊடுருவவிட்டுத் தானே ஒளிர்கிறது. வெயில் ஏறியதும் வெள்ளொளி எல்லா நிறங்களையும் ஏறத்தாழ சமமாகக் காட்டுகிறது. இலை மேலுள்ள புழுதியும் பளபளப்பும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. நான் ஒன்பதரை மணிக்குக் கண்ட பழுப்பு அதுதான்.

ஒரு மாணவன் கேட்டான்: "அப்போ இலையோட உண்மையான நிறம் எது ஹஜ்ரத்? காலையில பாத்ததா, பகல்ல பாத்ததா?"

இந்தக் கேள்வியை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். பஸராவில் 965ஆம் ஆண்டு பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கிதாபுல் மனாழிர் என்னும் ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூலை எழுதினார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என்று நிறுவியவர் அவர். ஒரே பொருளின் நிறம், அதன்மீது படும் ஒளிக்கேற்ப வேறுவேறாகத் தோன்றுவதையும் அந்நூலில் அவர் எடுத்துரைக்கிறார். ஆகவே இரண்டு நிறமும் அந்த இலையுடையவைதாம். எந்த ஒளியில், எங்கிருந்து பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம் சாட்சியம் முழுமையாகும்.

சிந்தித்துப் பார்த்தால், ஒளியின் நிறத்தைக் கூர்ந்து நோக்குவது முஸ்லிம்களாகிய நம் அன்றாட வணக்கத்தோடு கலந்தது. அடிவானில் நெடுக்காக எழுந்து மறையும் வெளிச்சம் பொய் வைகறை. குறுக்காகப் பரவி வளரும் வெளிச்சம் மெய் வைகறை. அதிலிருந்தே ஃபஜ்ர் நேரம் தொடங்குகிறது. இஷாவின் தொடக்கத்தைப் பற்றி இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாடும் ஒரு நிறத்தைப் பற்றியதே. சூரியன் மறைந்த பின் அடிவானத்தில் உள்ள செம்மை மறைந்தால் போதும் என்பது இமாம் ஷாஃபிஈ அவர்களின் கருத்து. செம்மைக்குப் பின் எஞ்சும் வெண்மையும் மறைய வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. இன்று அட்டவணையைப் பார்த்தும் கைப்பேசியின் பாங்கொலியைக் கேட்டும் தொழுகிறோம். அது வசதிதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வானத்தைப் பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போய்விட்டது. நாள்தோறும் ஃபஜ்ர் தொழுதும், பள்ளிவாசலுக்கும் மக்தபுக்கும் இடையில் எத்தனையோ ஆண்டுகள் நடந்தும், அந்த மரத்தின் நிறம் எனக்குத் தெரியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

நபி (ஸல்) அவர்கள் ஃபஜ்ர் தொழுத இடத்திலேயே சூரியன் உதிக்கும்வரை அமர்ந்திருப்பார்கள் என்று ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நாமோ ஸலாம் கொடுத்ததும் போர்வையைத் தேடுகிறோம், அல்லது கைப்பேசியைத் தேடுகிறோம். நாளின் மிக அழகான அரை மணி நேரம் அதில் கழிந்துவிடுகிறது.

அந்த மரத்தடியில் நிற்கும்போதே காற்று அசைந்து சில இலைகள் உதிர்ந்தன. பிள்ளைகள் பொறுக்க ஓடினார்கள். எனக்கு அபூதர் (ரலி) அவர்களின் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த வேளையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு மரத்தின் கிளையைப் பற்றினார்கள், இலைகள் கொட்டின. அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடித் தொழும் அடியானின் பாவங்களும் இவ்வாறே உதிர்கின்றன என்ற கருத்தை அப்போது எடுத்துச் சொன்னார்கள். முஸ்னத் அஹ்மதில் இது பதிவாகியுள்ளது. ஓர் இலை உதிர்வதும் அல்லாஹ்வின் அறிவுக்கு அப்பாற்பட்டதன்று என்பதை சூரா அல்அன்ஆமின் 59ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அப்படியானால் மரத்தைப் பார்த்து நின்ற குழந்தையையும், அவனைப் பொய்யன் என்று சொன்ன ஆசிரியரையும் அவன் அறிந்தே இருந்தான். என் தவறும் அந்த இலைகளோடு உதிர வேண்டும் என்று அங்கேயே துஆச் செய்தேன்.

இப்போது எங்கள் மக்தபில் ஒரு சிறு வழக்கம் வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒருநாள் பாடம் தொடங்குமுன், அன்று காலை வழியில் கண்ட ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அந்தச் சிறுவன் மீண்டும் சாலை வழியாகவே வருகிறான். எப்போதாவது பத்து நிமிடம் தாமதமாகிறது. காரணம் கேட்கிறேன், சொன்னால் நம்புகிறேன். ஸபக் விடுபட்டுப் போகாமலிருக்க அவனைக் கடைசியில் ஓதச் சொல்கிறேன். பங்குனி பிறந்தபோது வாதாமரம் முழுவதும் இளம்பச்சையாகத் துளிர்த்துவிட்டதாக அவன்தான் முதலில் வந்து சொன்னான்.

சகோதரர்களே, வரும் தை, மாசியில் ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின் உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீதி வரையேனும் நடந்து பாருங்கள். கல்வராயன் மலைக்குப் போக இயலாவிட்டால் குற்றமில்லை. தெருக்கோடியில் ஒரு வாதாமரமோ அரசமரமோ இருக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே காட்டுவார்கள். அவர்கள் ஏதேனும் வியப்பான ஒன்றைச் சொன்னால், மறுக்குமுன் அவர்கள் நின்ற இடத்தில், அவர்கள் நின்ற நேரத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

தன் படைப்புகளைக் கண்டு சிந்திப்போராகவும், பிறர் மீது வீண் சந்தேகம் கொள்ளாதோராகவும், தவறினால் சிறியவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தயங்காதோராகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.